ஒரு மாட்டுக்கு 500 செடி: கென்யாவின் எம்பு மலைச்சரிவில் வேலியோரம் வளர்ந்த தீவனம்

மாடு வயிறு நிறையத் தின்கிறது, ஆனால் பால் ஏறவில்லை. மலையில் மாடு வைத்திருக்கிற எல்லோருக்கும் பழகிப்போன சங்கதி இது. கோத்தகிரிப் பக்கம் நான் இரண்டு மாடு வைத்திருக்கிறேன், ஒன்று கறவையில், மற்றது சினையில். புல்லுக்குப் பெரிய பஞ்சம் கிடையாது. அடர்தீவன மூட்டை வாங்குகிற நாளில்தான் பால் காசு எந்த வழியாகப் போகிறது என்று புரியும். போன வருடம் வாங்கிய ஒரு மூட்டையைப் பிரித்தால் தவிட்டை விட உமிதான் அதிகம், கையை விட்டுப் பார்த்தால் அடியில் மண் நெருடுகிறது. கடைக்காரரிடம் கேட்டேன். “எல்லாரும் இதத்தாங்க வாங்கிட்டுப் போறாங்க” என்றார். அந்தக் கடுப்பில், மூட்டைக்குப் பதிலாகத் தோட்டத்திலேயே ஏதாவது வளர்க்க முடியுமா என்று தேட ஆரம்பித்துக் கடைசியில் போய் நின்ற இடம் கென்யா மலையின் தென்கிழக்குச் சரிவில் இருக்கிற எம்பு.

ஏன் எம்பு என்றால், அது கிட்டத்தட்ட நம் நிலைமைதான். கடல் மட்டத்திலிருந்து 1,300 முதல் 1,800 மீட்டர் வரை உயரம், வருடத்தில் இரண்டு மழை (மார்ச்சில் தொடங்குவது பெரியது, அக்டோபரில் தொடங்குவது சின்னது), ஆழமான செம்மண், மேலே போனால் தேயிலை, கீழே வந்தால் காப்பி, அதற்கும் நடுவில் வீட்டுக்கு மக்காச்சோளம், பீன்ஸ். குடும்பத்துக்கு ஒன்று இரண்டு ஹெக்டேர் நிலம்தான், அதுவும் மகன்களுக்குப் பிரிக்கப் பிரிக்கக் குறைந்துகொண்டே வருகிறது. மேய்ச்சல் நிலம் என்று ஒன்று அங்கே மிச்சமில்லை. மாடு கொட்டிலை விட்டு வெளியே வராது, அதற்கு வேண்டியதை எல்லாம் வெட்டிக் கொண்டுவந்து போட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் ஒன்றோ இரண்டோ கறவை மாடு, ஒரு மாட்டுக்கு நாளைக்கு 8 லிட்டரை ஒட்டிப் பால்.

கறவை மாடு அந்த மலைக்கு வந்த விதமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1954-இல் ஆங்கிலேயர் ஆட்சி கொண்டுவந்த ஸ்வின்னர்டன் திட்டத்துக்குப் பிறகுதான் ஆப்பிரிக்கச் சிறு விவசாயிகள் பரவலாகக் காப்பி வைக்கவும் கலப்பின மாடு வளர்க்கவும் வழி திறந்தது. 1980-களில் நெதர்லாந்து உதவியோடு நடந்த பால்வளத் திட்டம் ஒன்று, கொட்டிலில் கட்டி வளர்க்கும் முறையையும் அதற்குத் தோதாக நேப்பியர் புல்லையும் ஊர் ஊராகக் கொண்டுபோனது. 1989-இல் சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதிக் கட்டுப்பாடு முறிந்து விலை படுத்ததும், காப்பியை மட்டும் நம்பியிருந்த வீடுகளில் பால் காசுதான் கைக்காசு என்று ஆனது. பச்சைத் தேயிலை விலை விழுந்தபோது நீலகிரியில் எத்தனை பேர் மாட்டுக்கும் காய்கறிக்கும் திரும்பினார்கள் என்று பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

சரி, நேப்பியர். நம் ஊர் கோ-3, கோ-4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லின் ஒரு பக்கத்து வம்சம் இதுதான், பிறந்த வீடு ஆப்பிரிக்கா. மடமடவென்று வளரும், கரணையை வெட்டி நட்டால் போதும், கொட்டிலைச் சுற்றி ஒரு துண்டு நிலத்தில் மலை மாதிரித் தழை கொடுக்கும். இதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் வளர்ந்து தண்டு ஏறிய நேப்பியரில் புரதம் நூற்றுக்கு 10-க்குள்தான் நிற்கும், வெட்டத் தாமதித்தால் அதற்கும் கீழே போய்விடும். மக்காச்சோளத் தட்டை இன்னும் மோசம். ஆக வயிறு ரொம்பும், மடி ரொம்பாது. இந்தப் பள்ளத்தை மூடத்தான் கலப்புத் தீவனம் வாங்க வேண்டியிருக்கிறது. எம்பு விவசாயிகள் அதைப் பற்றிச் சொன்ன குறைகளைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. விலை கட்டுப்படியாகவில்லை, கையில் காசு இருக்கிற நாளில்தான் வாங்க முடிகிறது, சேற்றுப் பாதையில் மூட்டையைச் சுமந்து வீடு சேர்ப்பது பாடு, உள்ளே என்ன கலந்திருக்கிறான் என்றே நம்ப முடியவில்லை. அடியில் மண் நெருடியது எனக்கு மட்டுமில்லை போலிருக்கிறது.

1991-இல் எம்புவில் இருந்த வட்டார ஆராய்ச்சி மையத்தில் கென்ய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், கென்ய வன ஆராய்ச்சி நிறுவனம், நைரோபியில் தலைமையகம் வைத்திருக்கும் சர்வதேச வேளாண்காடு ஆராய்ச்சி மையம் மூன்றும் சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கின. அந்தக் காலத்தில் வேளாண்காட்டு ஆட்களுக்கு ஒரு மோகம் இருந்தது: பயறு வகை மரங்களை வரிசையாக நட்டு, இடையில் பயிர் வைத்து, மரத்தை வெட்டித் தழையை மண்ணுக்குப் போடுவது. ஆராய்ச்சிப் பண்ணையில் பார்க்க அழகாக இருக்கும். எம்பு மாதிரி இடத்தில், கொட்டிலில் மாடு கத்திக்கொண்டிருக்கும்போது நல்ல புரதத் தழையை மண்ணில் போட எந்த விவசாயிக்குக் கை வரும்? முதலில் மாட்டுக்கு, அப்புறம் சாணமாக மண்ணுக்கு என்பதுதான் அவர்கள் போட்ட வழி. ஆராய்ச்சிக்காரர்களும் அந்த வழிக்கே வந்தார்கள். இந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் அது. பரிசோதனையை வேலி போட்ட பண்ணைக்குள் முடித்துவிடாமல் விவசாயி நிலத்திலேயே, அவர் மாட்டை வைத்தே, அவர் கையாலேயே செய்ய விட்டார்கள்.

தேர்ந்த செடி கல்லியாண்ட்ரா. பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். 1936-இல் குவாத்தமாலாவிலிருந்து விதை ஜாவாவுக்குப் போய், காப்பித் தோட்டத்தில் நிழல் மரமாக நிற்க ஆரம்பித்தது. கென்யாவுக்கு 1980-களில் வந்து சேர்ந்தது. சிவப்புக் குஞ்சம் போலப் பூக்கும், இலை நம் வாகை, சவுண்டல் இலை மாதிரி பொடிப்பொடியாக இருக்கும். சித்தகத்தியையும் கூடவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அது ஆரம்பத்தில் ஓடி வளரும், ஆனால் தாழ வெட்டி வெட்டி எடுத்தால் தாங்காமல் பட்டுப்போகும். கல்லியாண்ட்ரா வெட்ட வெட்டத் துளிர்க்கும். கொட்டில் தீவனத்துக்கு வேறு எந்த நல்ல குணத்தை விடவும் இதுதான் முக்கியம் என்பேன்.

கணக்கு

இனி இந்த ஆய்வின் முதுகெலும்பான எண்களைப் பார்ப்போம். நடவு செய்து 9 முதல் 12 மாதத்தில் முதல் வெட்டு. அதன்பின் வருடத்துக்கு 4, 5 வெட்டு. ஒரு செடி வருடத்துக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ உலர்எடைத் தழை தரும் (உலர்எடை என்றால் ஈரம் போன பிறகு நிற்கிற எடை). ஒரு கறவை மாட்டுக்கு நாளைக்கு 6 கிலோ பச்சைத் தழை, அதாவது 2 கிலோ உலர்எடை. வருடத்துக்கு 730 கிலோ ஆகிறது. ஒன்றரையால் வகுத்தால் 487 வருகிறது, ஒன்றிரண்டு செடி பட்டுப்போகும் என்று வைத்து 500 என்று முடித்துவிட்டார்கள். “ஒரு மாட்டுக்கு 500 செடி” என்பது இப்படி வந்த எண்தான்.

இதை வேறு மாதிரியும் போட்டுப் பார்த்தேன், ஏனென்றால் வருடக் கணக்கு காகிதத்துக்குச் சரி, காலையில் அரிவாளோடு போகிறவருக்கு நாள் கணக்குத்தான் வேண்டும். ஒன்றரைக் கிலோ உலர்எடை என்றால் நாலரைக் கிலோ பச்சை. நாலரை வெட்டாகப் பிரித்தால் வெட்டுக்கு ஒரு செடியில் ஒரு கிலோ. அப்படியானால் தினம் 6 செடி வெட்டினால் ஒரு மாட்டுக்குப் போதும். வேலியின் ஒரு முனையில் ஆரம்பித்து நாளைக்கு ஆறு ஆறாக வெட்டிக்கொண்டே போனால் 500 செடி முடிய 83 நாள் ஆகும், அதற்குள் முதல் செடி மறுபடி துளிர்த்து அடுத்த வெட்டுக்குத் தயாராக நிற்கும். வருடத்துக்கு நாலு சுற்றுக்குக் கொஞ்சம் மேல். எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. மழை இல்லாத மாதங்களில் துளிர் மெதுவாகத்தான் வரும், அப்போது சுற்று நீளும். நாளைக்கு நாலு செடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

சத்துக் கணக்கு இன்னும் சுவாரசியம். கல்லியாண்ட்ரா தழையில் புரதம் சுமார் 24 சதவீதம், பச்சையாகக் கொடுத்தால் செரிமானம் 60 சதவீதம். அங்கே விற்கிற பால்மாட்டுக் கலப்புத் தீவனத்தில் புரதம் 16 சதவீதம், செரிமானம் 80 சதவீதம். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், கல்லியாண்ட்ராவுக்கு 14-க்குப் பக்கம், கலப்புத் தீவனத்துக்கு 13-க்குப் பக்கம். அதாவது ஒரு கிலோ உலர்எடைத் தழையும் ஒரு கிலோ மூட்டைத் தீவனமும் புரதத்தில் ஏறக்குறைய ஒன்று. விவசாயிகளின் மாடுகளில் அளந்து பார்த்ததிலும் அதே மாதிரிதான் வந்தது: 3 கிலோ பச்சைத் தழை ஒரு கிலோ கலப்புத் தீவனத்துக்குச் சமம், இரண்டில் எதைக் கொடுத்தாலும் பால் 600 முதல் 750 மில்லி வரை கூடுகிறது. 6 கிலோ கொடுத்தால் லிட்டர் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை வரை. எட்டு லிட்டர் மாட்டில் இது சின்ன விஷயமில்லை.

இங்கே ஒரு பிரிவு உண்டு, பலரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஏற்கெனவே 2 கிலோ மூட்டைத் தீவனம் போடுகிறவர் அதை நிறுத்திவிட்டுத் தழை போட்டால் பால் கூடாது, செலவுதான் மிச்சம். மூட்டையே வாங்காதவர் தழையைப் புதிதாகச் சேர்த்தால் பால் கூடும். எம்புவில் இரண்டு வகை ஆட்களும் இருந்தார்கள். எந்த வழியில் போனாலும் இரண்டாம் வருடத்திலிருந்து ஒரு மாட்டுக்கு வருடத்துக்குக் கிட்டத்தட்ட 100 டாலர் மிஞ்சியது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முதல் வருடம் செலவு மட்டும்தான். ஒரு மாட்டிலேயே பெரிய பணக்காரராகிவிடலாம் என்று இதை யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம், ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு அது கணிசமான பணம்.

தழையை வாடவிடாமல் பச்சையாகப் போட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். கல்லியாண்ட்ராவில் டேனின் உண்டு, நம் ஊரில் துவர்ப்பு என்கிறோமே, அதைக் கொடுக்கிற பொருள். காயவைத்தால் செரிமானம் குறைகிறது. ஆகவே வெயில் காலத்துக்கு உலர்த்தி மூட்டை கட்டி வைக்கலாம் என்ற திட்டமெல்லாம் இதில் சரிப்படாது. சேமிப்புக் கிடங்கு என்றால் அது செடிதான், வேண்டுகிற அன்றைக்கு வேண்டுகிற அளவு வெட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இடம்

இவ்வளவும் சத்து. சத்து நல்லதாக இருந்து விவசாயி கைவிட்ட தீவனப் பயிர்களை வரிசையாக அடுக்கலாம், குதிரை மசாலில் தொடங்கி. எம்புவில் இது நின்றதற்குக் காரணம் இடம் என்றுதான் நான் படித்த வரையில் எனக்குத் தோன்றுகிறது. அரை மீட்டருக்கு ஒரு செடி என்றால் 500 செடிக்கு 250 மீட்டர் நீளம் வேண்டும். ஒன்றரை ஹெக்டேர் நிலம் சதுரமாக இருந்தால் சுற்றளவு 490 மீட்டர் வருகிறது. எல்லையில் பாதி போதும்! மக்காச்சோளத்திலிருந்தோ காப்பியிலிருந்தோ ஒரு சாண் நிலம் எடுக்க வேண்டியதில்லை. வேலி, படிமேடைகளின் சரிவு ஓரம், வீட்டுக்குப் போகிற பாதையின் இரண்டு பக்கம், நேப்பியர் வரிசைக்கு நடுவில் என்று எங்கே எதுவும் விளையாமல் இருக்கிறதோ அங்கே எல்லாம் சொருகினார்கள். ஒரு மீட்டர் உயரத்தில் கவாத்து செய்துகொண்டே இருப்பதால் பக்கத்துப் பயிருக்கு நிழல் விழாது. சரிவு ஓரத்தில் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது, தழை எடுத்த குச்சி அடுப்புக்கு ஆகிறது, பூத்தால் தேனீ வருகிறது. தழை போட்ட பிறகு பால் கெட்டியாக இருக்கிறது என்றும் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

வேலையும் பெரிதாகக் கூடவில்லை. புல்லுக்காகச் சாலையோரமெல்லாம் அலைகிற நேரத்தோடு ஒப்பிட்டால் கொட்டிலுக்குப் பத்தடி தள்ளி ஆறு செடி வெட்டுவது ஒரு வேலையா? மாட்டைப் பார்த்துக்கொள்வது அங்கேயும் பெரும்பாலும் பெண்கள்தான். நிலப் பத்திரம் ஆண் பேரில் இருக்கும், எந்தப் பயிர் எங்கே என்பதில் அவர் சொல்தான் நடக்கும். ஆனால் வேலியோரத்தில் ஒரு வரிசை செடி நட யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். மகளிர் குழுக்கள் இதை எடுத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

நாற்றும் விதையும்

நாற்று விஷயத்தில் விவசாயிகளின் நிலைமையைப் பார்த்து ஆராய்ச்சிக்காரர்கள் தங்கள் முறையை மாற்றிக்கொண்டார்கள். பாலித்தீன் பையில் மண் நிரப்பி ஒவ்வொரு நாற்றாக வளர்ப்பதுதான் நாற்றுப்பண்ணை வழக்கம். பைக்குக் காசு, மண் நிரப்பக் கூலி, தூக்கிப்போக ஆள். 500 பையை மலைச்சரிவில் சுமந்து பார்த்தால்தான் தெரியும். மேட்டுப்பாத்தி போட்டு விதைத்து, வேர் மண்ணோடு ஒட்டாமல் வெறும் வேராகப் பிடுங்கி, மழை நாளில் நட்டாலும் பிழைக்கிறது என்று தெரிந்ததும் நாற்றுச் செலவு பாதாளத்துக்கு இறங்கியது. விதையை இரண்டு நாள் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால் போதும். குழுவாகச் சேர்ந்து ஒரு பாத்தி போட்டு, முளைத்ததை ஆளுக்கு இத்தனை என்று பிரித்துக்கொண்டார்கள்.

மாட்டிக்கொண்ட இடம் விதை. நேப்பியர் மாதிரி கரணையை வெட்டிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிற செடி இல்லை இது, விதையிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் தீவனத்துக்காக பத்துப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு முறை வெட்டினால் அது எப்படிப் பூக்கும், எப்போது காய்க்கும்? விதை வேண்டுமென்றால் சில மரங்களை வெட்டாமல் விட வேண்டும். விட்டாலும் காய் முற்றியதும் படீரென்று வெடித்து விதை தெறித்துவிடும், சரியான நாளில் பறிக்கவில்லை என்றால் கிடைக்காது. இரவில் வௌவாலும் பெரிய அந்துப்பூச்சியும் வந்து மகரந்தம் சேர்க்க வேண்டிய பூ வேறு. எம்புப் பக்கம் எல்லோருக்கும் தழை வேண்டும், விதைக்கு மரம் விட ஆளில்லை. கடைசியில் மேற்குக் கென்யாவில், முன்பே நட்டு வளர்ந்த மரங்களிலிருந்து விதை சேகரித்து விற்கிற சில்லறை வியாபாரிகள் உருவானார்கள், விதை மேற்கிலிருந்து மத்திய மலைக்கு வந்தது. அதிலும் ஒரு தொல்லை: நல்லெண்ணத்தோடு வந்த தொண்டு அமைப்புகள் விதையை இலவசமாகக் கொடுக்கக் கொடுக்க, விற்கிறவர் பிழைப்புப் படுத்தது. திட்டம் முடிந்து அமைப்பு கிளம்பிப்போனால் இலவசமும் இல்லை, வியாபாரியும் இல்லை. மானியத்தில் கொடுத்துக் கெடுத்த இந்தக் கதையை நம் ஊரில் எத்தனை பொருளுக்கு வேண்டுமானாலும் சொல்லலாம்.

1999-இலிருந்து பரப்புகிற வேலையை முறையாக எடுத்தார்கள். இரண்டு மூன்று வருடத்தில் 22 அமைப்புகள் மூலமாக 150 விவசாயிக் குழுக்கள், 2,600 பேர். 2005, 2006 வாக்கில் கென்யா, உகாண்டா, ருவாண்டா, வடக்குத் தான்சானியா நான்கையும் சேர்த்தால் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் தீவனச் செடி நட்டிருந்தார்கள். கேட்கப் பெரிய எண். ஆனால் அந்த 2 லட்சம் பேரில் பெரும்பாலோரிடம் 500 செடி கிடையாது, அதில் ஒரு சிறு பங்குதான் இருந்தது. திட்ட அறிக்கைகள் நட்டவர் தலையை எண்ணும், நட்ட செடியை எண்ணுவது குறைவு. ஐம்பது செடி இருந்தால் ஒரு மாட்டுக்கு வருடத்தில் ஐந்து வாரத் தீவனம், அவ்வளவுதான். கன்று ஈன்றதும் பால் உச்சத்தில் இருக்கிற வாரங்களில் மட்டும் கொடுத்தால் அதற்கும் ஒரு பலன் உண்டு, மறுக்கவில்லை. இருந்தாலும் “பரவிவிட்டது” என்ற வார்த்தையைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே செடியை நம்பினால்

எம்பு ஆட்களுக்கு ஒரு பயம் எப்போதும் இருந்தது, அதற்குக் காரணமும் இருந்தது. கல்லியாண்ட்ராவுக்கு முன் எல்லோரும் கொண்டாடியது சவுண்டல். சூபாபுல் என்று 1980-களில் நம் ஊரிலும் அதிசய மரமாகப் பேசினார்களே, அதேதான், இலங்கையில் இப்பில் இப்பில். அதன் துளிரை உறிஞ்சுகிற ஒரு பேன் போன்ற பூச்சி ஹவாய், பிலிப்பைன்ஸ் என்று தாவித்தாவி ஆசியாவைக் கடந்து 1992-இல் கென்யாவுக்கு வந்து சேர்ந்தது. துளிர் எல்லாம் கருகியது. மரம் சாகாது, ஆனால் துளிருக்காக வளர்க்கிற மரத்தில் துளிர் இல்லை என்றால் அது விறகுதான்.

நேப்பியருக்கு வந்தது அதை விட மோசம். 1990-களில் மத்திய மலைப்பகுதியில் கரிப்பூட்டை நோய் வந்தது. செடி இளைத்துக் குட்டையாகி, நேரத்துக்கு முன்பே பூத்து, கதிரெல்லாம் கரிப்பொடியாக நிற்கும். கொஞ்ச காலத்தில் மேற்குப் பக்கம் குட்டை நோய், பைட்டோபிளாஸ்மா என்கிற நுண்ணுயிரி, தத்துப்பூச்சி மூலம் பரவுவது. முதல் வெட்டில் ஒன்றும் தெரியாது. இரண்டாம் மூன்றாம் துளிரில் இலை மஞ்சளாகி, தூர் குறுகி, கடைசியில் தூரோடு போய்விடும். வீட்டுக்கு வீடு கரணை கொடுத்துக்கொள்வது நல்ல பழக்கம்தான், நோயும் அதே கரணையில்தான் போனது. கரிப்பூட்டையைத் தாங்குகிற ககமேகா-1 என்ற தேர்வு ரகத்தைக் கொடுத்தார்கள், அது அந்த நோய்க்குக் கைகொடுத்தது. ஆனால் குட்டை நோய்க்கு அப்படி ஒரு நேரடித் தீர்வு எளிதாக வரவில்லை. நோய் கண்ட தூரைப் பிடுங்கி எரிப்பது, சுத்தமான கரணை மட்டும் வாங்குவது, சாணம் நன்றாகப் போடுவது என்றுதான் சொல்ல முடிந்தது. கோ-4 கரணையை யாரோ கொடுத்தார்கள் என்று வாங்கி நடுகிறவர்கள் (நானும்தான்) இதை ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

இதற்குப் பிறகு புல்லிலும் மாற்று தேடினார்கள். அதில் வந்ததுதான் பிராக்கியாரியா, இதன் பயணத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. பிறந்தது ஆப்பிரிக்காவில். அதில் பாசிலிஸ்க் என்ற ரகம் உகாண்டாவிலிருந்து 1930-இல் ஆஸ்திரேலியா போனது. பிரேசில், கொலம்பியா பக்கம் கோடிக்கணக்கான ஏக்கர் மேய்ச்சல் நிலத்தை இந்தப் புல் வகைகள் பிடித்துக்கொண்டன. கொலம்பியாவில் இருக்கும் சர்வதேச வெப்பமண்டல வேளாண் மையம் முலாட்டோ-2 போன்ற ஒட்டு ரகங்களை உருவாக்கியது. 2012 வாக்கில்தான் கென்யாவில் முறையான ஆராய்ச்சித் திட்டமாக இந்தப் புல் தாய்வீடு திரும்பியது. வறட்சியை நேப்பியரை விட நன்றாகத் தாங்கும், இலை அதிகம், விதையிலும் வரும். ஆனால் தாய்வீட்டுப் பூச்சிகள் சும்மா இருக்குமா, முலாட்டோ-2-ஐச் சிவப்புச் சிலந்திப்பேன் பிடித்துக்கொண்டது.

டெஸ்மோடியம் என்கிற கொடிப் பயறும் இதே மலைகளில் நேப்பியரோடு ஊடுபயிராகப் போகிறது. 1997-இல் நைரோபியின் சர்வதேசப் பூச்சியியல் மையம் மேற்குக் கென்யாவில் பரப்பத் தொடங்கிய முறையில் இது மக்காச்சோள வரிசைக்கு நடுவில் நிற்கும், தண்டுத் துளைப்பானை வாசனையால் விரட்டும், வேர் ஒட்டுண்ணியான ஸ்ட்ரைகாவை முளைக்கவைத்தே கொன்றுவிடும், அறுத்தால் மாட்டுக்குப் புரதம். அது தனியாக எழுத வேண்டிய கதை.

மரத்திலும் கல்லியாண்ட்ராவோடு நிறுத்தவில்லை. பூச்சியைத் தாங்குகிற வேறொரு சவுண்டல் இனம், மல்பெரி, இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே குளிருக்குத் தாங்குகிற கேனரித் தீவு மரக் குதிரை மசால் என்று உயரத்துக்கு ஏற்றாற்போல் கலந்து கொடுத்தார்கள். கல்லியாண்ட்ரா உறைபனிக்கு ஆகாது, மேலே போகப் போகச் சுணங்கும். எம்பு விவசாயிகளிடம் கேட்டபோது, ஆராய்ச்சி மையம் வருவதற்கு முன்பே வறண்ட மாதங்களில் காட்டு மரத் தழை பல வகையை மாட்டுக்கு ஒடித்துப் போட்டு வந்தது தெரியவந்திருக்கிறது. எதை மாடு விரும்பும், எதைத் தின்றால் கழியும் என்று அவர்களுக்கு ஒரு பட்டியலே இருந்தது. நம் பக்கத்தில் ஆட்டுக்காரரிடம் கேட்டால் இப்படி ஒரு பட்டியல் கிடைக்கும், எழுதி வைத்தவர் யாருமில்லை.

என் வேலி

படித்து முடித்ததும் டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். இரண்டு பக்கம் ரோடும் பக்கத்துக்காரர் தேயிலையும், அங்கே நட முடியாது. மிச்சம் 140 மீட்டர். அரை மீட்டருக்கு ஒன்று என்றால் 280 செடி, வருடத்துக்கு 420 கிலோ உலர்எடை, ஒரு மாட்டுக்கு ஏழு மாதம். இரண்டு மாட்டில் கறவையில் இருக்கிறதுக்கு மட்டும், பால் உச்சத்தில் இருக்கும்போது தொடங்கி ஏழு மாதம் கொடுத்தால் கணக்கு நேராகிவிடுகிறது.

ஒரே ஒரு விஷயம் எம்புக் கணக்கில் இல்லை, காட்டெருமை. எங்கள் பக்கம் சாயங்காலம் ஆனால் தேயிலைக்குள் ஏழெட்டு நிற்கும், முள்கம்பியை ஒரு பொருட்டாகவே நினைக்காது. தேயிலையை அவை தொடுவதில்லை, அதனால்தான் இத்தனை நாள் நாங்களும் அவையும் சண்டையில்லாமல் இருக்கிறோம். எல்லையில் 24 சதவீதப் புரதத்தை வரிசையாக நட்டு வைத்தால் அது வேலியா, விருந்தா? நான் என் பால் கணக்கைப் போட்டால் அது தன் கணக்கைப் போடும். ஆகவே எல்லையை விட்டுவிட்டு, வீட்டுக்கும் கொட்டிலுக்கும் நடுவில் இருக்கிற சரிவு ஓரம் முப்பது மீட்டரில் மட்டும் முதலில் மல்பெரிக் குச்சி நட்டிருக்கிறேன். குச்சி ஒரு தெரிந்தவர் தோட்டத்தில் கவாத்து செய்தபோது சும்மா கிடைத்தது. அறுபது குச்சியில் நாற்பத்தொன்று துளிர்த்திருக்கிறது. நாய் அங்கேதான் படுத்திருக்கிறது.